கோல்ஃபில் பட்டிங் கைவர என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி கேட்டவர் ஆட ஆரம்பித்து ஓராண்டு ஆகிறதாம். தூர அடிகள் ஓரளவு நேராகப் போகின்றன, கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு, வந்ததும் மூன்று பட், நான்கு பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் தட்டல்) ஆகிவிடுகிறது, என்ன பயிற்சி செய்யலாம், பட் போடும் மட்டையான பட்டரைப் புதிதாக வாங்கலாமா என்று கேட்கிறார். நீங்கள் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மேலதிகாரியோ நண்பரோ கூப்பிட்டு இந்த ஆட்டத்துக்குள் வந்தவர், வாரம் ஒருமுறை ஆடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, சொல்லப்போவது ஒன்றுதான்: ஒரே ஒரு பந்தை வைத்துப் பழகுங்கள்.

நான் சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளர் இல்லை. என் ஹேண்டிகேப் 9 (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது). முறையாகப் பயிற்சியாளர் வைத்துக் கற்றவர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் பத்து வயதிலிருந்தே கிரீன் ஓரத்தில் நின்றவன் என்ற உரிமையில் பேசுகிறேன். மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். துரைமார் காலத்தில் போட்ட ஒன்பது குழி மைதானம் ஒன்று தோட்டத்தை ஒட்டி இருந்தது. 1987-இல், பதின்மூன்று வயதில், அங்கே ஆடுபவர்களின் மட்டைப் பை தூக்கும் கேடியாகப் போனேன். அதற்கு முன்பே தொலைந்த பந்து பொறுக்கிக் கொடுத்துச் சில்லறை வாங்கிய அனுபவம் உண்டு.

உறுப்பினர் ஒருவர் வேண்டாமென்று போட்ட பட்டர் ஒன்று கைக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் செம்மண் வாசலை அம்மா சாணி மெழுகி வைத்திருப்பார். அதில் ஒரு கெட்டிப் பால் டின்னை விளிம்பு தெரியாமல் புதைத்தேன். அசல் குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பால் டின்னின் வாய் அதைவிட நன்றாகச் சிறியது. இதில் போட்டுப் பழகினால் மைதானத்துக் குழி பெரிய கிணறு மாதிரித் தெரியும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது. என்னிடம் மூன்று பந்துகள் இருந்தன. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவேன். முதல் பந்து இடது பக்கம் போகும். இரண்டாவதைக் கொஞ்சம் திருத்துவேன். மூன்றாவது விழும். விழுந்த சத்தம் மட்டும் மனசில் நிற்கும். இப்படி மூன்று வருஷம்.

1990-இல் கேடிகளுக்கென்று வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் போட்டியில் கடைசிக் குழிக்கு வந்தபோது நானும் இன்னொரு பையனும் சமமாக இருந்தோம். பரிசு, ஓர் உறுப்பினர் கொடுத்த பழைய அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட். அவன் ஐந்தில் முடித்துவிட்டான். எனக்கு நான்கில் முடிக்க இரண்டரை அடி பட். போட்டால் செட் எனக்கு. மேட்டின் மேல் கேடிகள் எல்லாரும், சில உறுப்பினர்களும், லயத்துப் பெண்கள் சிலரும் நின்றிருந்தார்கள். என் அப்பாவும் இருந்தார். நான் தட்டினேன். பந்து குழியின் இடது உதட்டைத் தொட்டு, அரை வட்டம் சுற்றி, என் பக்கமே திரும்பி வந்து நின்றது. அடுத்து ஆடிய கூடுதல் குழியில் தோற்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்த அந்த வழி முழுக்க எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

1970-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் டக் சாண்டர்ஸ் கடைசிக் குழியில் மூன்றடிகூட இல்லாத பட்டைத் தவறவிட்டார். அது விழுந்திருந்தால் பட்டம் அவருடையது. மறுநாள் சமனை முறிக்க ஆடிய பிளேஆஃபில் ஜாக் நிக்லஸ் ஜெயித்தார். பெரியவர்களுக்கே இப்படி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பதினாறு வயதில் இதெல்லாம் யார் சொன்னார்கள்?

சொன்னவர் ஒருவர்தான். கிரீன் பார்க்கும் பெரியவர், நாங்கள் மண்டோர் தாத்தா என்போம். விடியும் முன் வந்து நீண்ட மூங்கிலால் கிரீனின் மேல் வீசி வீசிப் பனியைத் தட்டிவிடுவது அவர் வேலை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். இன்னும் மூங்கில் படாத ஒரு கிரீன். புல் முழுக்கப் பனி, வெள்ளிப் பொடி தூவியது போல. என் சட்டைப் பையில் இருந்த மூன்று பந்தில் இரண்டை எடுத்துக்கொண்டார். "தட்டுடா" என்றார். தட்டினேன். பனி நீங்கிய இடம் பச்சைக் கோடாகத் தெரிந்தது. "குனிஞ்சு பாரு, உன் கோடு எங்க போவுதுன்னு" என்றார். குனிந்து பார்த்தேன். நான் குறிவைத்த இடத்திலிருந்து ஒரு விரல் அளவு இடது பக்கம் விலகித்தான் கோடு ஆரம்பித்தே இருந்தது. இன்னொன்றும் பார்த்தேன்: கோட்டின் தொடக்கத்தில் துண்டு துண்டாக இடைவெளி. பந்து உருளாமல் குதித்துப் போயிருக்கிறது. நான் மேலிருந்து அமுக்கி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் செம்மண்ணில் தெரியாதது ஒரே காலையில் பனியில் தெரிந்தது. "இனிமே இந்த ஒரு பந்துதான். போச்சுன்னா நடந்து போய் எடுத்துட்டு வா." அவ்வளவுதான் அவர் சொன்னது.

சரி, உங்களுக்கு வருவோம். ஏன் ஒரு பந்து? ஆட்டத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முதல் பந்தின் தவறைப் பார்த்து இரண்டாவதைத் திருத்துவது, ஆட்டத்தில் என்றைக்கும் பயன்படாத ஒரு திறமை. ஒரு பந்து என்றால் ஒவ்வொரு முறையும் சரிவைப் பார்க்க வேண்டும், நிற்க வேண்டும், தட்ட வேண்டும், தவறினால் நடந்துபோய் மிச்சத்தையும் போட்டு முடிக்க வேண்டும். அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பைத் தாங்கப் பழகுவதும் இதில் அடங்கும்.

முதலில் மூன்றடி வட்டம். குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் எட்டு இடங்களில் டீ (பந்தை ஏற்றி வைக்கும் சிறு ஆணி) குத்தி வையுங்கள். மேட்டிலிருந்து, பள்ளத்திலிருந்து, குறுக்குச் சரிவிலிருந்து என்று எல்லாத் திசையும் வரும்படி. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு முறை. ஒன்று தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும், மறுபடி ஒன்றிலிருந்து. தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் இதே போல் மூன்றடியிலிருந்து தொடர்ந்து நூறு போடும் வரை பயிற்சி செய்வது இந்த ஆட்டத்தில் பேர் போனது. நீங்கள் எட்டில் ஆரம்பியுங்கள், அப்புறம் பதினாறு. ஏழு போட்டுவிட்டு எட்டாவதுக்கு நிற்கும்போது கை லேசாக இறுகும் பாருங்கள், போட்டியில் வரும் அதே இறுக்கம்தான் அது. மூன்று பந்தை வரிசையாகத் தட்டுபவருக்கு அந்த இறுக்கம் பயிற்சியில் வருவதே இல்லை, நேராகப் போட்டியில்தான் சந்திப்பார். நான் சந்தித்தது போல.

பந்து விழும் சத்தம் கேட்கும் வரை தலையைத் தூக்காதீர்கள். மூன்றடிக்குள் தவறுவதில் பாதி, பந்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் தோள் முன்னால் திரும்புவதால் வருவது என்பது என் அனுபவம்.

அடுத்தது திசை. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நொடியில் பட்டரின் முகம் பார்க்கும் திசைதான். பத்தடியில் முகம் ஒரு பாகை திரும்பினாலே பந்து இரண்டு அங்குலம் விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்பு இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு பாகைக்கே விளிம்புக்குப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்ய வீட்டிலேயே செய்யக்கூடியது இரும்பு அளவுகோல். ஒரு மீட்டர் நீள ஸ்டீல் ரூலரைத் தரைவிரிப்பில் போட்டு, ஒரு முனையில் பந்தை வைத்து, கீழே விழாமல் மறுமுனை வரை உருட்டுங்கள். முதல் வாரம் பாதியில் விழும். மைதானத்தில் என்றால் பட்டரின் தலை நுழைய மட்டும் இடம் விட்டு இரண்டு பக்கமும் டீ குத்தி, அந்த வாசல் வழியாகத் தட்டுங்கள். டைகர் வுட்ஸ் ஆட்டத்துக்கு முன் இந்த வாசல் பயிற்சி செய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பட்டர் டீயில் இடித்தால் கையிலேயே தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். விடியற்காலை மைதானத்துக்குப் போக முடிந்தவர்கள் பனிக்கோட்டைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் எனக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டியதில்லை. ஆனால் கிரீன் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது வேகம். உங்களுடைய மூன்று பட்டுக்கும் நான்கு பட்டுக்கும் உண்மைக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். முப்பதடியிலிருந்து குழியில் போட நினைக்காதீர்கள். பிஜிஏ டூர் என்னும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். இருபதடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து வரும். டிவியில் அன்றைக்கு ஜெயிப்பவரை மட்டும் காட்டுவதால் எல்லாம் விழுவதுபோல் தெரிகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, முதல் பட்டை மூன்றடிக்குள் கொண்டுவந்து நிறுத்துவது. இருபது, முப்பது, நாற்பது அடியில் மாறி மாறி நின்று, தட்டியதும் நிமிராமல் "குறைவு", "அதிகம்", "சரி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். உங்கள் ஊகமும் பந்தும் ஒத்துப்போக ஆரம்பித்தால் கைக்குத் தூரம் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது வர நான்கைந்து மாதம் ஆனது.

எங்கள் ஊர் போன்ற வெப்ப நாடுகளில் பெர்முடா வகைப் புல்லுக்குச் சாய்வு உண்டு. புல் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருந்தால் மினுமினுப்பாகத் தெரியும், பந்து ஓடும். உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் கறுத்துத் தெரியும், பந்து இழுத்துப் பிடித்தது போல் நிற்கும். சந்தேகமாக இருந்தால் குழியின் உதட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் சுத்தமாக வெட்டியது போலவும் எதிர்ப்பக்கம் பிய்ந்தது போலவும் இருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் சாய்கிறது. மத்தியானத்துக்கு மேல் புல் வளர்ந்து பந்து மெதுவாகும், காலையில் பழகிய வேகத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரலாம். வார இறுதி ஆட்டங்களில் இரண்டடி, மூன்றடி பந்தை "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். குழிக்குக் குழி யார் ஜெயிக்கிறார் என்று பார்க்கும் மேட்ச் பிளேயில் விட்டுக்கொடுப்பது விதியிலேயே உண்டு. 1969-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பையில் நிக்லஸ், எதிரணியின் டோனி ஜாக்லினுக்கு இரண்டடி பட்டை விட்டுக்கொடுத்துப் போட்டி சமனில் முடிந்தது, அது பெருந்தன்மை. ஆனால் அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை. நட்புக்காகச் செய்கிறோம் என்பீர்கள். வருஷம் முழுக்க இரண்டடி போடாதவன் போட்டியில் இரண்டடிக்கு நிற்கும்போது அந்த நண்பர்கள் யாரும் உதவிக்கு வர முடியாது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. பட்டிங் கற்றுக்கொள்ள உலகத்திலேயே நல்ல ஆசான் அந்த மைதானத்துக் கேடிதான். எந்தக் கிரீன் எந்த நேரத்தில் எப்படி ஓடும் என்று அவர் காலுக்கே தெரியும். இன்றைக்கு எங்கள் பக்கம் பல மைதானங்களில் ஆடுபவர்களை ஏற்றிச் செல்லும் பக்கி வண்டி வந்து கேடிகள் குறைந்துவிட்டார்கள். 2003-இல் ஒரு மைதானத்தில் கிரீன் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். ஆறு வருஷம் கேடி, நான்கு வருஷம் மண்டோர் தாத்தாவோடு புல் வேலை என்று எழுதியிருந்தேன். "இதெல்லாம் அனுபவத்தில் சேராது" என்று அந்தத் தாளை என் பக்கமே தள்ளிவிட்டார்கள். வேலை கிடைக்காதது போகட்டும். அந்தக் கிரீன்களை விடியற்காலையில் வெட்டி, பனி தட்டி, குழி மாற்றிக் கட்டிக்காத்தவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். வெற்றியாளர் பெயர்ப் பலகை எல்லா கிளப்பிலும் உண்டு. இவர்கள் பெயர் இருக்கும் ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்டால் சம்பளம் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பட்டிங் சொல்லிக்கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

புது பட்டர் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். ஒரு பட்டர் கெட்டது என்று தெரிவதற்கே முதலில் உங்கள் கை ஒரே மாதிரி தட்ட வேண்டும். கையிலிருப்பதை வைத்து நிற்கும் நிலையில் நில்லுங்கள். கண் பந்துக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ இருக்கிறதா என்று இடது கண்ணருகிலிருந்து இன்னொரு பந்தை விட்டுப் பாருங்கள். பந்துக்கு வெளிப்பக்கம் விழுந்தால் பட்டரின் நீளமோ நீங்கள் நிற்கும் விதமோ பொருந்தவில்லை, கடையில் அளந்து பார்க்கலாம். இல்லையென்றால் கைப்பிடி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.