பர்கர் கிண்ணத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்க

வணக்கம் சகோதரி. பன்னும் சோறும் இல்லாமல், வறுத்த கறி, லெட்டஸ், சாஸ் எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடும் பர்கர் கிண்ணம் செய்தால் கோழிக் கைமா தண்ணீர் விடுகிறது, லெட்டஸ் துவண்டுவிடுகிறது, வேலை முடிந்து வந்து இதோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

கோளாறு சட்டியில்தான். 500 கிராம் கைமாவையும் மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வேகும். உறைந்த கைமா என்றால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் பாதியை மட்டும் போட்டு, அடை மாதிரி தட்டையாக அழுத்தி, மூன்று நான்கு நிமிடம் கரண்டியே வைக்காதீர்கள். ஓரம் சிவந்து பொரியும் சத்தம் வந்த பிறகு திருப்பி உடைத்து, முழுதாக வேகவிடுங்கள். உப்பும் மிளகும் அப்போதுதான். வெங்காயம் தனியாக. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி கைமா கிடைத்தால், என்னைக் கேட்டால், கோழி பக்கமே போகவேண்டாம்.

லெட்டஸைக் கழுவித் துணியில் ஒற்றிவிட்டு, கறி கொஞ்சம் ஆறியதும் சேருங்கள்.

அப்புறம் சாஸ். தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதனால் அதை விட்டுவிடுங்கள். மயோனைஸ், கடுகு சாஸ், வான்டன் மீ (சீன நூடுல்ஸ்) கடையில் தருவார்களே, அந்த வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் - பொடியாக நறுக்கிக் கலந்தால் போதும்.

வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறார் என்றீர்கள். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் சர்க்கரை அளவு ரொம்பவும் இறங்கிவிடலாம். முதலில் பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதே கறியைப் பன்னில் வைத்துக் கொடுங்கள், சண்டை வராது.