மோட்டார் வாங்கும் முன் போரின் (ஆழ்துளைக் கிணற்றின்) நீர்வரத்தை அளந்து பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

600 அடிக்குப் போர் போட்டோம். இரண்டு இஞ்ச் தண்ணீர் இருப்பதாகத் துளையிட்ட ரிக் வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அதை நம்பி மோட்டார் வாங்கலாமா? (தாராபுரம்)

எந்த இரண்டு இஞ்ச் என்று முதலில் கேளுங்கள். சிலர் குழாயின் அகலத்தைச் சொல்வார்கள். சிலர் மண் அணை கட்டி, 'வி' வடிவில் வெட்டிய தகட்டை நட்டு, அதன் வழியே வழியும் நீரின் உயரத்தைச் சொல்வார்கள். 90 பாகை வெட்டுள்ள தகட்டில் ஒரு இஞ்ச் உயரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8.5 லிட்டர், இரண்டு இஞ்ச் என்றால் ஏறத்தாழ 48 லிட்டர். உயரம் இரு மடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதால், அரை இஞ்ச் தவறாகப் பார்த்தாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும். மேலும், ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்று சிறிது நேரம் வெளியே தள்ளும் நீரில் குழிக்குள் ஏற்கெனவே தேங்கியிருந்ததும் கலந்திருக்கும். ஆகவே அதை முதல் தகவலாக மட்டுமே கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சரியா? (ராசிபுரம்)

போதாது. ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 6.5 லிட்டர் நீர் நிற்கும். நீர்மட்டம் 100 அடியிலும் மோட்டார் 500 அடியிலும் இருந்தால், இடைப்பட்ட 400 அடியில் மட்டும் 2,600 லிட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கும் மோட்டார், பாறை வெடிப்பிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டாலும், நாற்பது நிமிடங்களுக்கு மேல் தாராளமாகத் தண்ணீர் கொட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது, குழியில் நிற்கும் நீரின் அளவன்று; ஊற்றின் வழியே நிமிடந்தோறும் வந்துசேரும் அளவு.

சோதனைக்கு வாடகை மோட்டார் ஒன்றை இறக்கி, மேலே கேட் வால்வு பொருத்துங்கள். மோட்டாரோடு சேர்த்து அரை இஞ்ச் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் இறக்கிவிட்டால், நுனியில் செம்பு தெரியும்படி சீவிய இரட்டை ஒயரை அதனுள் விட்டு, நீரைத் தொட்டதும் மல்டிமீட்டர் முள் அசைவதைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கலாம். வெளியேறும் நீரை 200 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள். 200 விநாடிகளில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லிட்டர். தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு அரை மணிக்கு ஒரு முறையும் இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் வால்வைச் சற்று மூடுங்கள். எந்த அளவில் மட்டம் இறங்காமல் பல மணி நேரம் நிலைக்கிறதோ அதுவே போரின் உண்மையான வரத்து. வீட்டுக்குப் பகல் முழுவதும் ஓட்டினால் போதும். பாசனத்துக்கு 24 மணி நேரம் ஓட்டுவதே நல்லது. இறைத்த நீர் போரடியிலேயே தேங்காமல் தொலைவுக்குப் போகட்டும்.

மோட்டாரை நிறுத்திய பின்னும் ஒயரை எடுத்துவிடாதீர்கள். ஆறரை இஞ்ச் போரில் மட்டம் ஒரு நிமிடத்தில் நான்கு அடி ஏறினால், வரத்து நிமிடத்துக்குச் சுமார் 26 லிட்டர் என்று பொருள். குழாயிலுள்ள திரும்பா வால்வு கசிந்தால் மேலே நிற்கும் நீரும் உள்ளே இறங்கி இந்த அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், அதை முன்னரே சரிபாருங்கள்.

டிசம்பரில் சோதிக்கலாமா? (செங்கம்)

வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில் கிடைக்கும் அளவு, கோடையில் அப்படியே நிற்காது. இயன்றால் மே மாதத்தில் சோதியுங்கள். காத்திருக்க முடியாதென்றால், கிடைத்த அளவில் பாதியை வைத்துத் திட்டமிடுவதே என் அறிவுரை.

பக்கத்தில் 5 எச்.பி. ஓடுகிறது. நானும் அதையே வாங்கலாமா? (கோவில்பட்டி)

வேண்டாம். பத்தடி தள்ளியுள்ள போர்கூட வேறு வெடிப்பில் நீர் பிடித்திருக்கலாம். சோதனையில் நிலைத்த அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை இறைக்கும் மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். இறைக்கும்போது நீர்மட்டம் நிற்கும் ஆழம், மேல்தொட்டியின் உயரம், குழாயின் உராய்வு இழப்பு ஆகிய மூன்றையும் கூட்டி, அந்த மொத்த உயரத்துக்கு எவ்வளவு நீர் தரும் என்று நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்த பிறகே எச்.பி.யைப் பற்றி யோசிக்க வேண்டும். வரத்தைவிடப் பெரிய மோட்டார் நீரின்றி ஓடிச் சுருள் கருகும். அதற்கான பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

வாங்கிய புது மோட்டாரையே சோதனைக்கும் பயன்படுத்தலாமா? (அரூர்)

கூடாது. புதுப் போரில் பாறைத்தூளும் மணலும் வரும். அவை மோட்டாரில் நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரைத் தேய்த்துவிடும். தெளிந்த நீர் வரும்வரை வாடகை மோட்டாரே ஓடட்டும். அதைக் கழற்றியவுடன் போரின் வாயை இரும்பு மூடியால் இறுக மூடிவிடுங்கள். புது மோட்டார் அன்று மாலையே வருவதாக இருந்தாலும், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை ஒரு மணி நேரம்கூடத் திறந்து வைக்கக் கூடாது.