செம்பாறைப் போர்: எதிரெதிர் முகாம்கள் ஒன்றானது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: சாவ் சாவை எதிர்த்து சுன் சுவானும் லியு பெய்யும் சேர்ந்தார்கள் என்று படித்தேன். அதற்கு முன் இருவருக்கும் என்ன உறவு? முதலில் கை நீட்டியது யார்?

ப: இது ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்த சீனாவில், கி.பி. 208இல் நடந்த போர். வடக்கைக் கையில் வைத்திருந்தவர் சாவ் சாவ். சுன் சுவான் தென்கிழக்கை ஆண்டவர், லியு பெய் சொந்த நிலம் இல்லாத படைத்தலைவர். பின்னவர் இருவரும் நேருக்கு நேர் மோதியவர்கள் அல்லர். ஆனாலும் எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள். சுன் சுவானின் தந்தை சுன் ஜியான், ஜிங் மாகாணத்தை ஆண்ட லியு பியாவின் தளபதி ஹுவாங் சூவுடன் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அந்தப் பழியைத் தீர்க்க சுன் குடும்பம் பல ஆண்டுகள் படையெடுத்தது. கி.பி. 208 வசந்தத்தில்தான் ஹுவாங் சூ கொல்லப்பட்டார். லியு பெய்யோ அதே லியு பியாவிடம் தஞ்சம் புகுந்து, அவருடைய வட எல்லையைக் காத்து நின்றவர்.

அந்த ஆண்டே சாவ் சாவ் தெற்கே புறப்பட்டார். இலையுதிர் காலத்தில் லியு பியாவ் நோயில் இறந்தார். சுன் சுவானின் ஆலோசகர் லூ சு உடனே ஒரு யோசனை சொன்னார்: 'துக்கம் விசாரிக்கும் சாக்கில் என்னை அனுப்புங்கள். லியு பெய்யும் லியு பியாவின் பிள்ளைகளும் ஒற்றுமையாக இருந்தால் கூட்டுச் சேரலாம். பிளவு தெரிந்தால் வேறு வழி பார்க்கலாம்.' பழியெடுத்த வீட்டிலிருந்தே, பழிவாங்கப்பட்ட வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆள் போகிறது! தலைமுறைப் பகையை அத்தனை சீக்கிரம் ஒதுக்கி வைத்த அந்த வேகம்தான் பிறகு தெற்கைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான கருத்து.

லூ சு போய்ச் சேர்வதற்குள் லியு பியாவின் இளைய மகன் சண்டையின்றிச் சரணடைந்துவிட்டார். லியு பெய் லட்சத்துக்கும் அதிகமான மக்களோடும் ஆயிரக்கணக்கான வண்டிகளோடும் தெற்கே நகர்ந்தார். ஒரு நாளைக்குப் பத்து லீ, அதாவது சுமார் 4 கி.மீ. மட்டுமே போக முடிந்தது. சாவ் சாவின் 5,000 குதிரை வீரர்கள் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் 300 லீக்கு மேல் விரட்டி வந்து சாங்பானில் பிடித்தார்கள். எல்லாம் சிதறிய அந்த வேளையில்தான் லூ சு லியு பெய்யைச் சந்தித்தார். தூரத்து சாங்வூவுக்குப் போய் ஒரு பழைய நண்பரை அண்டப் போவதாக லியு பெய் சொல்ல, 'அவரே நாளை யாருக்கோ இரையாவார், எங்களோடு சேருங்கள்' என்று லூ சு திருப்பினார். பிறகு லியு பெய்யின் தூதராக, 27 வயது ஜூகே லியாங் சாய்சாங் சென்று சுன் சுவானைப் பார்த்தார். பின்னாளில் சுன் சுவான் நிறுவிய வூ நாட்டின் பதிவுகள் பெருமையை லூ சுவுக்கும், லியு பெய் நிறுவிய ஷூ நாட்டின் பதிவுகள் ஜூகே லியாங்குக்கும் தருகின்றன. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் முதலில் கிளம்பியவர் லூ சு.

கே: சுன் சுவானின் அமைச்சர்கள் பலர் சரணடையச் சொன்னார்களாமே, அவர் மனம் எப்படி மாறியது?

ப: மூத்த அமைச்சர் ஜாங் சாவ் உட்படப் பலர் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் கணக்கிலும் நியாயம் இருந்தது. யாங்சி ஆறுதான் தெற்கின் அரண். லியு பியாவின் கப்பல்கள் கைக்கு வந்த பிறகு அந்த அரண் சாவ் சாவுக்கும் பாதையாகிவிட்டது.

சுன் சுவான் அவையிலிருந்து எழுந்து போனபோது லூ சு பின்னாலேயே போய்த் தனியாகச் சொன்னது இதுதான்: 'நான் சரணடையலாம், எனக்கு அவர் ஏதாவது ஒரு பதவி கொடுப்பார். நீங்கள் சரணடைந்தால் எங்கே போவீர்கள்?' அமைச்சருக்கும் அரசருக்கும் சரணடைதல் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்போது சுன் சுவானுக்கு 26 வயது.

அடுத்து, போயாங்கிலிருந்து வரவழைக்கப்பட்ட தளபதி ஜோவ் யூ எண்ணிக்கையைப் பிரித்துக் காட்டினார். சாவ் சாவின் கடிதம் 8 லட்சம் நீர்ப்படை என்று மிரட்டியது. வடக்கிலிருந்து வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், அவர்களும் களைத்தவர்கள். லியு பியாவின் பழைய படையில் 70,000 முதல் 80,000 பேர், அவர்களும் மனம் ஒட்டாதவர்கள் என்பது ஜோவ் யூவின் மதிப்பீடு. அதற்கு மேல் நான்கு காரணங்கள் சொன்னார்: மேற்கே மா சாவ், ஹான் சுய் என்ற இரு படைத்தலைவர்கள் சாவ் சாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், குதிரையில் பழகியவர்கள் படகில் ஏறியிருக்கிறார்கள், கடும் குளிரில் குதிரைக்குத் தீவனம் இல்லை, பழகாத நீரும் நிலமும் நோயைக் கொண்டுவரும். நான்காவதுதான் முதலில் பலித்தது.

கே: கூட்டுப்படைக்குத் தலைமை யார்? லியு பெய்யின் ஆட்கள் உண்மையிலேயே சண்டை போட்டார்களா?

ப: ஒரே தலைமை இருக்கவில்லை. சுன் தரப்பில் ஜோவ் யூ, செங் பு இருவரும் இடது, வலது தளபதிகள். லூ சு போர் ஆலோசகர். ஜோவ் யூ 50,000 பேரைக் கேட்டதாகவும், அவ்வளவு பேரை உடனே திரட்ட முடியாது, தேர்ந்தெடுத்த 30,000 பேரும் கப்பலும் உணவும் தயார் என்று சுன் சுவான் சொன்னதாகவும் ஒரு பதிவு உண்டு. லியு பெய்யிடம், அவருடைய தளபதி குவான் யூவின் படகுப் படையும் திரும்பி வந்த வீரர்களும் சேர்ந்து 10,000 பேர். லியு பியாவின் மூத்த மகன் லியு சியிடம் இன்னொரு 10,000 என்று ஜூகே லியாங் கணக்குச் சொன்னார்.

ஜோவ் யூவைப் படகில் போய்ச் சந்தித்த லியு பெய், 30,000 என்று கேட்டதும் 'குறைவாயிற்றே' என்றார். 'இது போதும்' என்பது பதில். லியு பெய் 2,000 பேரைப் பின்னால் நிறுத்தி வேடிக்கை பார்த்தார் என்றும் ஒரு வூ பதிவு சொல்கிறது. போட்டியாளரைத் தாழ்த்த எழுதியது என்று பழைய உரையாசிரியர்களே அதை மறுத்திருக்கிறார்கள். ஆற்றில் அடித்தது பெரும்பாலும் ஜோவ் யூவின் படை. தோற்று ஓடியவர்களை நிலத்தில் துரத்தியதில் லியு பெய்க்கும் பங்கு உண்டு. இரு படைகளையும் கலக்காமல், அவரவர் தளபதியின் கீழேயே விட்டது நல்ல ஏற்பாடு.

கே: தீப்படகுத் தாக்குதலைப் படிப்படியாக விளக்குவீர்களா?

ப: முதல் மோதலிலேயே, நோய் பரவியிருந்த சாவ் சாவ் படை பின்வாங்கி வடகரையில் வூலினில் நங்கூரமிட்டது. ஜோவ் யூ தென்கரையில். எதிரிக் கப்பல்கள் தலையும் வாலும் ஒட்டி நிற்பதைக் கவனித்தவர் சுன் தரப்பின் மூத்த தளபதி ஹுவாங் காய். தீ வைத்தால் ஓட வழியில்லை என்று கண்டார்.

சில பத்துப் போர்ப்படகுகளை எடுத்துக்கொண்டார்கள். காய்ந்த நாணலும் விறகும் நிரப்பி, நடுவே எண்ணெய் ஊற்றினார்கள். மேலே துணி போர்த்திக் கொடி நட்டார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வேகப்படகைக் கட்டினார்கள். தீ வைத்த ஆட்கள் தப்புவதற்கு அது இல்லையென்றால் யாரும் கடைசி நிமிடம் வரை படகில் நிற்க மாட்டார்கள். முன்கூட்டியே ஹுவாங் காய் சரணடைவதாகக் கடிதம் போனது.

தென்கிழக்குக் காற்று பலமாக வீசிய நாளில் பத்துப் படகுகள் முன்னே சென்றன. நடு ஆற்றில் பாய் விரித்தார்கள். சரணடைய வருகிறார் என்று எதிரி வீரர்கள் வெளியே வந்து கைகாட்டிப் பார்த்தார்கள். இரண்டு லீ, ஏறத்தாழ 800 மீட்டர் இருக்கும்போது ஒரே நேரத்தில் தீ மூட்டினார்கள். கப்பல்கள் எரிந்து, தீ கரையிலிருந்த முகாம்களுக்கும் தாவியது.

எங்கே தவறியிருக்கலாம்? முதலாவது காற்று. குளிர்காலத்தில் அங்கே வடக்குக் காற்றே அதிகம். அது வீசியிருந்தால் நெருப்பு தென்கரைக்கே திரும்பியிருக்கும். இரண்டாவது தூரம். சீக்கிரம் கொளுத்தினால் எதிரி கயிற்றை அறுத்து விலக நேரம் கிடைக்கும். தாமதித்தால் படகைப் பிடித்துச் சோதிப்பார்கள். ஹுவாங் காய்க்கே அம்பு பட்டு, குளிர்ந்த ஆற்றில் விழுந்தார். மீட்ட வீரர்கள் அவரை அடையாளம் தெரியாமல் ஒரு கழிப்பிடத்தில் கிடத்திவிட்டார்கள். அவர் கத்திய குரலைத் தளபதி ஹான் தாங் இனங்கண்டதால் பிழைத்தார்.

சாவ் சாவ் சேறு நிறைந்த ஹுவாரோங் பாதையில் தப்பினார். நோயாளி வீரர்களைப் புல் சுமந்து சேற்றில் பரப்பச் சொன்னார்கள். அதன் மேல் குதிரைகள் ஓடியதில் அவர்களில் பலர் மிதிபட்டு இறந்தார்கள். வெற்றிக் கதைகளில் இந்த வரி வருவதே இல்லை, வர வேண்டும்.

கே: கதைகளில் வருவதுபோல், வைக்கோல் படகில் அம்பு சேகரித்ததும், ஜூகே லியாங் காற்றை வரவழைத்ததும் உண்மையா?

ப: இல்லை. இரண்டும் நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த புனைவு. ஜோவ் யூ பொறாமைக்காரர் என்பதும் அப்படியே. வரலாற்றுப் பதிவில் அவர் பெருந்தன்மையானவர்.

கே: போர் நடந்த இடம் இப்போது எங்கே?

ப: ஹூபெய் மாகாணத்தில், யாங்சியின் தென்கரை. பூச்சி என்ற நகருக்கு 1998இல் சீபி, அதாவது செம்பாறை என்று பெயர் மாற்றினார்கள். இடம் பற்றிய விவாதம் முழுவதும் ஓயவில்லை.

கே: வென்ற பிறகு கூட்டணி ஏன் உடைந்தது?

ப: ஜிங் மாகாணம் யாருக்கு என்று போருக்கு முன் முடிவு செய்யவில்லை. ஜியாங்லிங் கோட்டையை ஜோவ் யூ ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையிட்டு, அம்புக்காயம் பட்டு, 209இல் பிடித்தார். அதற்குள் லியு பெய் தெற்கே வூலிங், சாங்ஷா, குய்யாங், லிங்லிங் என நான்கு மாவட்டங்களைச் சுருட்டிக்கொண்டார். சுன் சுவான் தன் தங்கையை லியு பெய்க்கு மணமுடித்தார். 210இல் ஜோவ் யூ இறந்ததும், லூ சுவின் யோசனைப்படி ஜியாங்லிங் பகுதியும் லியு பெய்யிடம் விடப்பட்டது. வூ தரப்பு அதைக் கடன் என்றது. 215இல் திருப்பிக் கேட்டபோது சண்டை மூண்டு, சியாங் ஆற்றை எல்லையாக்கிப் பிரித்தார்கள்.

217இல் லூ சு இறந்தார். இரு தரப்பையும் ஒட்டி வைத்திருந்த பசை அவர்தான். 219இல் குவான் யூ வடக்கே சாவ் சாவின் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம் பார்த்து, சுன் சுவானின் தளபதி லூ மெங் தன் வீரர்களைப் படகுகளுக்குள் ஒளித்து, துடுப்பு வலிப்பவர்களுக்கு வணிகர் உடை அணிவித்து, ஜிங்கைக் கைப்பற்றினார். குவான் யூ கொல்லப்பட்டார். பழிவாங்க வந்த லியு பெய்யை 222இல் யிலிங்கில் வூ தளபதி லூ சுன் தோற்கடித்தார். அங்கேயும் ஆயுதம் தீதான்.

லியு பெய் இறந்த 223இல் ஷூ தூதர் தெங் ஜி வூவுக்குப் போய் உறவைப் புதுப்பித்தார். 229இல் சுன் சுவான் பேரரசராகியபோது இரு நாடுகளும் உடன்படிக்கை எழுதின. வடக்கே சாவ் குடும்பம் ஆண்ட வெய் நாட்டின், இன்னும் பிடிக்காத மாகாணங்களையே முன்கூட்டிப் பங்கிட்டுக்கொண்டார்கள்: யூ, சிங், சூ, யோவ் நான்கும் வூவுக்கு, யான், ஜி, பிங், லியாங் நான்கும் ஷூவுக்கு, தலைநகர்ப் பகுதி ஹங்கு கணவாயில் இரண்டாகும். ஒரு மாகாணமும் கைக்கு வரவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கை 263இல் ஷூ வீழும் வரை நிலைத்தது.