அண்ணா சொன்ன ஆறும் கடைக்காரர் தந்த ஆறும்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, அம்மாவின் முழங்கால் வலிக்கென்று ஒரு சுடுநீர்த் தொட்டியைக் கொன்ரெய்னரில் போட்டு அனுப்பப் போகிறார். ‘ஆறாம் நம்பர் வயர், 50 அம்பியர் பிறேக்கர்’ என்று சொன்னார். இங்கே கடையில் 6 சதுர மில்லிமீற்றர் வயரும் 20 மில்லிமீற்றர் பைப்பும் வாங்கிவிட்டோம். மீற்றர் பெட்டியிலிருந்து பின்வளவுக்கு 25 மீற்றர். இது சரிதானா?
– வாசகி, கொக்குவில்

பதில்: சரியில்லை, நல்லவேளை முதலே கேட்டீர்கள். கனடாவின் ஆறாம் நம்பர் வயர் 13 சதுர மில்லிமீற்றருக்கும் மேல், நீங்கள் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. பைப்புக்குள் போகும் 6 சதுர மில்லிமீற்றர் வயர் எங்கள் வெயிலில் 35 அம்பியர் அளவுதான் தாங்கும், அதில் 50 அம்பியர் பிறேக்கர் போட்டால் பிறேக்கர் விழ முன்னமே வயரின் உறை சூடாகி உருகலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் தொட்டியேதான். உங்கள் வீட்டு இணைப்பு ஒரு பேஸ் 30 அம்பியர் என்றால் 50 அம்பியருக்கு எங்கே போவது? அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை அலையும் (60 ஹேர்ட்ஸ்), இங்கே 50, அதனால் பம்ப் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், மோட்டாரும் சூடேறும். அங்கத்தைய தொட்டிக்கு நாலு வயர் போகும், உள்ளே 120 வோல்ற்றில் ஓடும் பாகங்களும் இருக்கலாம், எங்கள் 230ஐ இடம் மாறிக் கொடுத்தால் அவை எரிந்துபோகும். ஆகவே அதை ஏற்றவே வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் தொட்டியாக, பம்ப் வேகமாக ஓடும்போது ஹீற்றர் நின்றுகொள்ளும்படி 16 அம்பியரில் அமைக்கக் கூடியதாகப் பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் வாங்கிய வயரே தாராளம், வீணாகாது.

பைப்பை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். 25 மில்லிமீற்றர், தடித்தது. போன மாரிக்குப் பிறகு ஒரு வீட்டில் கிணற்றடி மோட்டார் லைனைத் திறந்து பார்த்தேன், பசை போடாமல் செருகியிருந்த வளைவுக்குள் தண்ணீர் தேங்கி, நிலத்துக்குள் வயர்களை முறுக்கி ரேப் சுற்றியிருந்த இடத்தில் செம்பு பச்சை பிடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதனால் எல்லா மூட்டுக்கும் பசை, நிலத்துக்குள் வயரில் ஒரு இணைப்பும் கூடாது, இரண்டடி ஆழம், மேலே செங்கல். அலவாங்கு கல்லில் முட்டி இறங்காவிட்டால் மேலோட்டமாகப் புதைக்காமல், மதிலோடு ஆர்மர்ட் கேபிளாக, அதாவது உலோகக் கவசம் போட்ட கேபிளாகக் கொண்டுபோங்கள்.

எர்த்துக்குப் பச்சை மஞ்சள் வயர், அதே தடிப்பில், அதே பைப்புக்குள். தொட்டியடியில் ஒரு கம்பி அடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொட்டிக்கென்று தனியாக, மின்சாரம் கசிந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும், மாதம் ஒருமுறை அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். தொட்டிக்கான மெயின் சுவிட்ச் விளிம்பிலிருந்து இரண்டு மீற்றருக்கு அப்பால், நனைந்த கை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

புதுத் தொட்டிக்குக் காசு கட்ட முன்னம் அதன் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் வயரிங்காரரிடம் காட்டுங்கள்.