ஜெல்கோட் இரண்டு நாளாகியும் ஒட்டுகிறது: சுரண்டலாமா?

இப்போதே சுரண்டாதீர்கள். பாகான் டத்தோ தோட்டத்தில் கொட்டகை போட்டு, படகின் அடிப்பாகத்துக்கு ஜெல்கோட் (ஃபைபர் படகின் மேல்பூச்சாக அடிக்கும் பிசின்) அடித்து இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது மெழுகு சேராத வகை. அச்சுக்குள் அடிப்பதற்காகச் செய்தது. காற்று பட்டால் மேல்தோல் மட்டும் இறுகாது.

ஒரு மூலையை அசிட்டோன் துணியால் துடைத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கல்லு மாதிரி இருந்தால் கவலையே இல்லை. முழுவதையும் துடைத்து, 220 உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். இன்னும் அடிப்பதாக இருந்தால் கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேருங்கள். முந்திய பூச்சில் சேர்த்தால் மேலே அடிப்பது பிடிக்காது.

நகம் பதிந்தால் ஹார்ட்னர் (இறுகுவதற்காகக் கலக்கும் திரவம்) போதவில்லை. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடுமே என்று பயந்து பலர் குறைத்து ஊற்றுகிறார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, டின்னில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். நகம் பதிந்த இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஹார்ட்னர் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகலாம். மழை ஈரம் இருக்கும் சாயங்காலத்தில் அடிக்காதீர்கள்.