எல்லாக் காலத்து என்.எஃப்.எல். ஃபேண்டஸி டிராஃப்டில் முதலில் யாரை எடுப்பது?

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்தில் இதுவரை ஆடிய எல்லாரிலிருந்தும் ஆளுக்கொரு ஃபேண்டஸி டீம் எடுக்கப் போகிறீர்கள், உங்களுக்கு மூன்றாவது சீட்டு விழுந்திருக்கிறது, பந்தெறியும் ஆளான (குவாட்டர்பேக்) டாம் பிரேடியை எடுத்துவிடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். பந்தோடு ஓடும் ஆட்களான (ரன்னிங் பேக்) லடேனியன் டாம்லின்சன், மார்ஷல் ஃபால்க் இருவரில் யார் மிச்சம் இருக்கிறாரோ அவரை எடுங்கள். பிரேடியை வேறு யாராவது எடுக்கட்டும்.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே ஜூலையில் சீசன் ஆட்டம் எதுவும் கிடையாது என்பதால், அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இதே விளையாட்டை ஆடுவோம். ஆறு வருடமாக ஆடுகிறேன். முதல் வருடம் நான் பிரேடியைத்தான் முதலில் எடுத்தேன். சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தை ஏழு முறை ஜெயித்தவர், 2000-ல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்த நிஜ டிராஃப்டில் 199-ஆவது ஆளாகத் தேர்வாகி அங்கிருந்து ஏறி வந்தவர், அவரை விட்டு வேறு யாரை எடுப்பது என்று நினைத்தேன். பத்துப் பேரில் ஒன்பதாவதாக முடித்தேன். பிரேடி மோசம் என்று அர்த்தமில்லை, இந்த ஆட்டம் கேட்கும் கேள்வியே வேறு.

கிரிக்கெட் ஃபேண்டஸி ஆப்களில் ஒரே ஆளை ஆயிரம் பேர் எடுக்கலாம். டிராஃப்டில் அப்படி இல்லை, ஒருவரை நான் எடுத்துவிட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் அவர் கிடையாது. அதனால் "இவர் எவ்வளவு பெரியவர்" என்று பார்ப்பதைவிட, "இவரை விட்டுவிட்டால் அதே இடத்துக்கு எனக்கு மிஞ்சுகிறவர் எவ்வளவு குறைவு" என்று பார்க்க வேண்டும். அந்த இடைவெளிதான் எல்லாமே. இது புரிய எனக்கு ஒரு முழு சீசன் பிடித்தது.

எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எண்கள் புரியும். ஓடினாலும் பிடித்தாலும் 10 யார்டுக்கு 1 பாயிண்ட், டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) 6, குவாட்டர்பேக் எறிவதில் 25 யார்டுக்கு 1, எறிந்த டச்டவுனுக்கு 4, இன்டர்செப்ஷன் கொடுத்தால் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால்) 2 கழியும். ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய மிகச்சிறந்த ஒரு சீசனை வைத்துக்கொள்வோம், குறைந்தது 10 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். வாரா வாரம் அந்த சீசனின் ஆட்டங்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் என்ற சராசரியை மட்டும்தான். 1947 முதல் 1960 வரை சீசனுக்கு 12 ஆட்டம், 1978 முதல் 16, 2021 முதல் 17 என்று மாறிக்கொண்டே வந்ததால் மொத்தக் கணக்கை வைத்து ஒப்பிட்டால் பழைய ஆட்களுக்கு அநியாயம்.

சரி, குவாட்டர்பேக். லமார் ஜாக்சனின் 2019 சீசன் ஆட்டத்துக்கு 28 பாயிண்ட் வருகிறது, 36 டச்டவுன் எறிந்ததோடு 1,206 யார்டு ஓடியும் இருக்கிறார். அதற்கடுத்து ஆரன் ராஜர்ஸ் 2011, பெய்டன் மானிங் 2013, பேட்ரிக் மஹோம்ஸ் 2018, மைக்கேல் விக் 2010 எல்லாரும் 26-ஐ ஒட்டி. ஜோஷ் ஆலன், பிரேடி 2007, கேம் நியூட்டன் 2015 மூவரும் 25 அளவில். ஸ்டீவ் யங், ட்ரூ பிரீஸ் கிட்டத்தட்ட 24 அரை. ஆக முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் நாலு பாயிண்ட்கூட வித்தியாசம் இல்லை, டீமுக்கு ஒரு குவாட்டர்பேக்தான் தேவை, பத்து டீமுக்கும் நல்ல ஆள் இருக்கிறார். பிறகு எதற்கு அவசரம்? இவர்கள் எல்லாருமே 1978-க்குப் பிந்தையவர்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த வருடம்தான், எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஐந்து யார்டு தாண்டிய பிறகு அவரைத் தடுப்பாட்டக்காரர் இடித்து நிறுத்தக் கூடாது என்று விதி வந்தது, பந்தெறிதல் அங்கிருந்துதான் பெருகியது.

ரன்னிங் பேக் கதை நேரெதிர். டாம்லின்சன் 2006-ல் 31 டச்டவுன் போட்டார், 26.7. ஃபால்க் 2000-ல் 14 ஆட்டத்தில் 26 டச்டவுன், 26.8. பிரீஸ்ட் ஹோம்ஸ் 2002-ல் கான்சஸ் சிட்டிக்கு 14 ஆட்டத்தில் 24 டச்டவுன், 26.6. எங்கள் அட்டவணையில் 26-ஐத் தாண்டிய ரன்னிங் பேக்குகள் இந்த மூவர் மட்டும்தான். எம்மிட் ஸ்மித், ஷான் அலெக்சாண்டர், டெரல் டேவிஸ் எல்லாம் 23-க்குக் கொஞ்சம் கீழே. இருபதாவது ஆள் 20 சொச்சம். ஒவ்வொரு டீமுக்கும் இரண்டு பேர் வேண்டும் என்பதால் இந்த ஆறு பாயிண்ட் சரிவு நேராக உங்கள் தலையில் இறங்கும். உங்களுக்கு மூன்றாவது இடம், ஆட்களும் மூன்று பேர், அதனால்தான் இது அருமையான இடம் என்கிறேன். இன்னொன்று, ஹோம்ஸை 1997-இன் நிஜ டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை, இன்றைக்கும் பலருக்கு அவர் நினைவில் இல்லை. பாம்பு மாதிரி வளைந்து திரும்பும் வரிசையில் (முதல் சுற்று 1-லிருந்து 10, அடுத்த சுற்று 10-லிருந்து 1) உங்கள் அடுத்த முறை 18, அதற்கடுத்தது 23, பிறகு 38, 43, 58. பதினெட்டில் ஹோம்ஸ் மிச்சம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். எங்கள் டிராஃப்டில் இரண்டு முறை எனக்கு அப்படிக் கிடைத்தார்.

பேரி சாண்டர்ஸின் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டக்காரர் அவர்தான். ஆனால் 1997-ல் 2,053 யார்டு ஓடியும் டச்டவுன் 14-தான், சராசரி 20-ல் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு அழகான ஆட்டத்துக்கு இங்கே பாயிண்ட் இல்லை, அது வருத்தம்தான்.

இப்போது ஜிம் பிரவுன். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், கிளீவ்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். 1964 டிசம்பர் 27-ல் ஜிம் பிரவுன் ஆடிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி பால்டிமோர் கோல்ட்ஸை 27-0 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கியபோது அப்பாவோடு அந்த மைதானத்தில் இருந்த பையன் அவர். எந்த இடம் விழுந்தாலும் அவர் முதலில் எடுப்பது ஜிம் பிரவுனைத்தான். 1958-இன் சராசரி 22.9-தானே, மேலே மூன்று பேர் இருக்கிறார்களே என்று நான் அட்டவணையைக் காட்டினேன். அவர் வாதாடவில்லை, அந்த வருடம் ஓட்டத்தில் இரண்டாவது யார் என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பிரவுன் 12 ஆட்டத்தில் 1,527 யார்டு, இரண்டாவது வந்த ஆலன் அமீச்சி 791. கிட்டத்தட்ட பாதி. நான் இடைவெளி இடைவெளி என்று எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தேனே, அதைவிடப் பெரிய இடைவெளியை எங்கே தேடுவது? ஒன்பது சீசன் ஆடி எட்டில் ஓட்டத்தில் முதலிடம், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் மெதுவாக எழுந்து மெதுவாகவே நடந்து திரும்புவாராம், உண்மையாகவே அடிபட்டிருக்கிறதா என்று எதிரணிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. பெரியவர் அந்த நடையை எழுந்து நடந்து காட்டினார். அதற்குப் பிறகு அவரிடம் அட்டவணையை நீட்டுவதை விட்டுவிட்டேன். உங்கள் லீக்கில் அந்தந்தக் காலத்து மற்ற வீரர்களோடு ஒப்பிட்டுப் பாயிண்ட் தருவதாக இருந்தால், முதல் பெயர் ஜிம் பிரவுன், வேறு பேச்சே இல்லை. விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே கேள்வியை வைட் ரிசீவர்களிடம் கொண்டுபோனால் இன்னும் ஆச்சரியம். எல்லாரும் ஜெரி ரைஸை எடுக்க ஓடுவார்கள், நியாயம்தான், 22,895 யார்டு என்ற அவருடைய மொத்தக் கணக்கை இன்னும் யாரும் கிட்டே நெருங்கவில்லை. 1987-ல் 12 ஆட்டத்தில் 22 டச்டவுன் பிடித்து, ஒன்று ஓடியும் போட்டார், சராசரி 20.9. ராண்டி மாஸ் 2007-ல் 23 டச்டவுன் பிடித்தும் 18-தான், மற்றவர்கள் 17, 16 என்று போகிறார்கள். ஆனால் 1951-க்குப் போய்ப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் எல்ராய் ஹிர்ஷ் என்று ஒருவர், ஓடும்போது கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகும் என்பதால் 'கிரேஸி லெக்ஸ்' என்று பட்டப்பெயர். 12 ஆட்டத்தில் 1,495 யார்டு, 17 டச்டவுன். சராசரி 20.96! ஜெரி ரைஸின் மிகச்சிறந்த சீசனை மயிரிழையில் தாண்டுகிறது. எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். உங்களுக்கு 23-இல் கட்டாயம் கிடைப்பார்.

அப்புறம் டான் ஹட்சன், கிரீன் பே பேக்கர்ஸ் அணி. 1942-ல் 11 ஆட்டத்தில் 74 பந்து பிடித்தார், அந்த வருடம் அடுத்த இடத்தில் இருந்தவர் பிடித்தது 27. 1,211 யார்டு, 17 டச்டவுன், சராசரி 20.3, அதோடு உதைத்து எடுத்த 36 பாயிண்டையும் சேர்த்தால் 23 அரை. சேர்க்கலாமா என்று எங்கள் குழுவில் ஓட்டெடுப்பே நடந்தது, சேர்க்கலாம் என்று முடிவானது. உண்மையில் உதைத்தவர் அவர்தானே, அதை ஏன் பிடுங்க வேண்டும்? ஆனால் ஹட்சனின் இடைவெளியை ஜிம் பிரவுனின் இடைவெளியோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1942-ல் பலர் போருக்குப் போய்விட்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-இல் ஒரு கறுப்பின வீரரைக்கூட ஆட விடவில்லை. ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை, அதாவது அவருடைய காலம் முழுவதும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. 1946-ல் கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் ராம்ஸ் எடுத்த பிறகுதான் திறந்தது. வாஷிங்டன் கல்லூரி அணிக்குக் கடைசியாக ஆடியது 1939-ல், தன் நல்ல வருடங்களை எல்லாம் வெளியே நின்றே கழித்தார், முழங்கால் கெட்ட பிறகுதான் உள்ளே வந்தார். எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்கள் என்று பட்டியல் போடும்போது அந்தப் பட்டியலில் வர வாய்ப்பே தரப்படாதவர்களை நினைக்காமல் என்னால் போட முடியாது. ஹட்சனை எடுங்கள், 38-இல் இருந்தால் கண்டிப்பாக எடுங்கள், இதையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

தடுப்பதும் பிடிப்பதுமாக இரண்டு வேலையும் பார்க்கும் டைட் எண்டில் ராப் கிரான்கௌஸ்கி 2011-தான் உச்சம், 18 டச்டவுன், சராசரி 15. உங்கள் முறை வருவதற்குள் போய்விடுவார். டிராவிஸ் கெல்சியும் சீக்கிரம் போவார். நீங்கள் 43-இல் மைக் டிட்காவை எடுக்கலாம், 1961-ல் முதல் வருடத்திலேயே 1,076 யார்டும் 12 டச்டவுனும். அவரைப் பயிற்சியாளராக மட்டுமே பலருக்குத் தெரியும்.

தற்காப்பு அணியைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டிட்கா பயிற்சி கொடுத்த 1985 சிகாகோ பேர்ஸா, 16 ஆட்டத்தில் 165 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்த 2000 பால்டிமோர் ரேவன்ஸா, எது மிச்சமோ அதை எடுங்கள். அந்த ரேவன்ஸின் தாக்குதல் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, அதிலும் இரண்டை ஜெயித்தார்கள். உதைப்பவர் கடைசிச் சுற்று.

அதிர்ஷ்டத்துக்கும் இடம் விட்டுவையுங்கள். மூன்று வருடத்துக்கு முன் இறுதி வாரத்தில் எதிராளிக்குக் கேல் சேயர்ஸ் 1965, அந்த சீசனிலிருந்து சீட்டில் வந்தது டிசம்பர் 12, சிகாகோவில் சேற்றில் அவர் ஆறு டச்டவுன் போட்ட ஆட்டம். ஒரே ஆளிடமிருந்து 56 பாயிண்ட். அன்றைக்கு என்னிடம் ஃபால்க் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குவாட்டர்பேக்கை 58 வரை, அதாவது ஆறாவது சுற்று வரை தள்ளிப்போடுங்கள். உதைத்த பாயிண்டும் சேரும் என்றால், என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக அப்போது இருந்த ஏ.எஃப்.எல். லீக்கையும் கணக்கில் எடுத்தால், பட்டியலில் யாருமே எழுதாத ஒரு பெயர் இருக்கிறது, ஜார்ஜ் பிளாண்டா, ஹூஸ்டன் ஆயிலர்ஸ், 1961. 14 ஆட்டத்தில் 36 டச்டவுன் எறிந்தார், 112 பாயிண்ட் உதைத்தார், இன்டர்செப்ஷன் 22 கொடுத்தும் சராசரி 24.7, ஸ்டீவ் யங்கைத் தாண்டிவிடுகிறார். ஃபேண்டஸி கால்பந்து என்ற ஆட்டத்தையே 1962-ல் உருவாக்கியவர் ஓக்லாந்து ரெய்டர்ஸின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக். அடுத்த வருடம் அவர் வீட்டில் நடந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் இந்த பிளாண்டாதான். ஜிம் பிரவுன் 1,863 யார்டு ஓடியது அதே 1963 சீசனில்.