டாட் தேர்வுக்கு ஆயிரம் டாலர் கோச்சிங் வேணுமா? பாளையங்கோட்டைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிருதேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடிச்சிருக்க. கிரீன் கார்டில் அப்பா அம்மாவோட நியூ ஜெர்சி வந்து 5 மாசம். கடை வேலையில் மாசம் 150 டாலர்தான் மிஞ்சுது. பல் மருத்துவம் படிக்க டாட் (DAT)ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், கோச்சிங் வகுப்புக்கு 1000 டாலருக்கு மேல கேக்காங்க. அது இல்லாம முடியுமா, அடுத்த மாசம் வரப்போற தம்பிகிட்ட ஊர்லேருந்து என்ன புத்தகம் கொண்டாரச் சொல்லணும்?

கோச்சிங் வேண்டாம். இந்தத் தேர்வில் காசு கரையுறது ரெண்டாவது தடவை எழுதும்போதுதான். கட்டணம் மட்டுமே 500 டாலருக்கு மேல, உன் கணக்கில் நாலு மாச மிச்சம். மார்க் சரியா வரலைன்னா 60 நாள் பொறுத்துத் திரும்ப முழுசா கட்டணும். பழைய மார்க்கையும் கல்லூரிக்காரங்க பாப்பாங்க. டாட்டுக்கு அப்புறம் விண்ணப்பச் செலவு வேற இருக்கு: பொது விண்ணப்பத்தில் முதல் கல்லூரிக்கு 250 டாலருக்கு மேல, அதுக்கடுத்த ஒவ்வொண்ணுக்கும் 100 டாலருக்கு மேல. எட்டு கல்லூரிக்குப் போட்டாலே ஆயிரம் தாண்டிரும். கோச்சிங்குக்கு எடுத்து வச்ச காசு அங்க வேணும்.

படிப்பைத் தொடங்குறதுக்கு முன்னால ஒண்ணு. வெறும் பி.எஸ்ஸி.யை வச்சுப் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரியில் நுழைய முடியாது. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நாலையும் ஆய்வகத்தோட ரெண்டு ரெண்டு செமஸ்டர் இந்த நாட்டிலேயே படிச்சிருக்கணும்னு கேக்காங்க. கவுண்டி கல்லூரியில், அதாவது உள்ளூர் ரெண்டு வருஷக் கல்லூரியில் படிச்சா மலிவு. ஆனா கவுண்டி கல்லூரிப் பாடத்தை எவ்வளவு ஏத்துக்குவாங்கங்கிறது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதனால நீ குறி வைக்கிற நாலஞ்சு கல்லூரியின் நிபந்தனையைப் படிச்சிட்டுச் சேரு. எப்படியும் அந்த வகுப்புக்குக் காசு கட்டத்தான் போற. அதுதான் உன் கோச்சிங். கரிம வேதியியல் ரெண்டாம் செமஸ்டர் முடிஞ்ச கையோட, சூடு ஆறுறதுக்குள்ள டாட் எழுதுற மாதிரி வருஷத்தை அமைச்சுக்கோ. அந்தக் கல்லூரியில் இலவச டியூஷன் மையம் இருக்கும், பேராசிரியர் சந்திப்பு நேரம் கொடுப்பார். நம்ம பிள்ளைங்க கூச்சப்பட்டுப் போகமாட்டாங்க. போ.

நிதியுதவி அலுவலகத்தில் இன்னொண்ணும் கேளு. ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருந்தா பெல் கிராண்ட்ங்கிற அரசு உதவித்தொகை கிடையாது. நம்ம மூணு வருஷப் பட்டத்தை இங்கத்துப் பட்டத்துக்குச் சமமா எடுக்கிறதா வேண்டாமான்னு அந்தக் கல்லூரிதான் முடிவு பண்ணும்.

(காவல்கிணறு பக்கம் பி.டி.எஸ். முடிச்சிட்டு இங்க வந்தவங்க இதைப் படிச்சா, உங்க பாதை வேற. ஐ.என்.பி.டி.இ. (INBDE)ங்கிற பல் மருத்துவர் தேர்வை எழுதி, காபிட் (CAAPID)ங்கிற விண்ணப்பத் தளம் வழியா வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான படிப்புக்கு விண்ணப்பிக்கணும். டாட்டுக்குக் காசு கட்டிராதீங்க.)

இனி தேர்வு. முதல்ல அறிவியல், 90 நிமிஷத்தில் 100 கேள்வி: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிமம் 30. அடுத்து பி.ஏ.டி.ங்கிற வடிவத் தேர்வு, 60 நிமிஷத்தில் 90. அரை மணி இடைவேளைக்கு அப்புறம் வாசிப்பு, 60 நிமிஷத்தில் 50. கடைசியா கணக்கு, 45 நிமிஷத்தில் 40. இயற்பியல் கிடையவே கிடையாது. நீட்டுக்குப் படிச்ச பழக்கத்தில் ஒண்ணை இறக்கி வச்சிரணும்: அங்க தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், தெரியாததைத் தொடாம வருவோம். இங்க கழிவு இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் கடைசி ஒரு நிமிஷத்தில் மிச்சம் கிடக்கிற எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணைக் குத்திட்டு வா.

விலங்கியல் படிச்ச உனக்கு உயிரியலில் பாதி தெரிஞ்ச சரக்கு. விலங்குத் தொகுதிகள், கருவளர்ச்சி, உடலியங்கியல் எல்லாம் வரும். குளம் அகலம், ஆழம் முழங்கால் அளவு. ஒரே பாடத்தில் மூழ்கிக் கிடக்காம எல்லாத்தையும் ஒருதரம் தொட்டுட்டு வரணும். பொது வேதியியலுக்கு நம்ம பதினொண்ணு, பன்னெண்டாம் வகுப்புப் புத்தகமே பெரும்பகுதிக்குப் போதும். இந்தப் பகுதியில் கால்குலேட்டர் தரமாட்டாங்க, தனிம அட்டவணை மட்டும் திரையில் இருக்கும். ஊர்ல லாக் புத்தகத்தைப் புரட்டினோம், இங்க ரெண்டு எண் மனப்பாடமா இருந்தா சமாளிக்கலாம்: லாக் 2 என்பது 0.3, லாக் 3 என்பது 0.48. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3×10⁻⁵ன்னா பி.எச். 5லேருந்து 0.48 போக 4.52. விடைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும், இந்த அளவு துல்லியமே அதிகம்.

கரிம வேதியியல்தான் கடிக்கும். அலைடு கெமிஸ்ட்ரியில் படிச்சது பத்தாது. எஸ்.என்.1, எஸ்.என்.2, இ1, இ2ங்கிற நாலு வினை வகையில் எது நடக்கும்னு பாத்ததும் சொல்லணும். முப்பரிமாண அமைப்பு, மூலக்கூறை அடையாளம் காட்டுற ஐ.ஆர்., என்.எம்.ஆர். நிறமாலை எல்லாம் வரும். ஐ.ஆரில் அலை எண் 1700 கிட்ட கூர்மையா நின்னா கார்பனைல், 3300 கிட்ட அகலமா இறங்கினா ஓ.எச்.ங்கிற மாதிரி பத்துப் பன்னெண்டு அடையாளம் போதும். ஒவ்வொரு வினைக்கும் ஒரு சின்ன அட்டை போடு: முன்னால தொடக்கப்பொருளும் வினைப்பொருளும், பின்னால விளைபொருளும் அமைப்பு மாற்றமும். அடுத்தவங்க செஞ்ச ஆயிரக்கணக்கான அட்டையை இறக்கிப் படிக்காத. அது எண்ணிக்கையைத்தான் காட்டும், மண்டையில் தங்காது. அட்டை போட்டுப் படிக்கிறதுக்கான ஆன்கி செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. பாடப்புத்தகத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல் மூணும் சும்மாவே கிடைக்கு. விளக்கம் வேணும்னா கான் அகாடமி.

பி.ஏ.டி. நம்ம பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லாத சமாச்சாரம். ஆறு வகை, வகைக்கு 15 கேள்வி, ஒரு கேள்விக்கு 40 வினாடி. இதைப் படிச்சு ஏத்த முடியாது, கை பழகணும். அதனால முதல் நாள்லேருந்து தினம் அரை மணி. ஞாயித்துக்கிழமை மொத்தமா நாலு மணி உக்காந்தா வராது.

காகிதத்தை மடிச்சு ஓட்டை போடுற கேள்விக்கு 4 புள்ளி 4 வரிசை நேர்ப்புள்ளிக் கோலம்னு நினைச்சுக்கோ. ஓட்டை விழுந்த புள்ளியைக் குறி, கடைசி மடிப்பை முதல்ல பிரி, மடிப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் எதிர்ப்புள்ளி போடு, இப்படியே பின்னோக்கி வா. கோலம் போட்ட கைக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டிரும். கனசதுரம் எண்ணுற கேள்வியில் கட்டிகளை ஒட்டி அடுக்கி வெளிப்பக்கம் பெயின்ட் அடிச்ச மாதிரி படம் இருக்கும்; அதைப் பாத்ததுமே 0லேருந்து 5 வரை எழுதி, எத்தனை பக்கம் பெயின்ட் பட்ட கட்டி எத்தனைன்னு முதல்லயே கணக்கெடுத்திரு. ஒரே படத்துக்கு ரெண்டு மூணு கேள்வி வரும், ஒவ்வொண்ணுக்கும் திரும்ப எண்ணுறவங்க நேரத்தைத் தொலைக்காங்க. அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கட்டியும் கணக்கில் உண்டு. எண்ணி முடிச்சதும் மொத்தத்தைக் கூட்டிச் சரிபாரு.

கோணம் வரிசைப்படுத்துறதுக்குக் கண்ணு பழகணும், அவ்வளவுதான். பெட்டி மடிக்கிற கேள்விக்கு அட்டைப்பெட்டி நாலைப் பிரிச்சு, பக்கத்துக்குப் பக்கம் கறுப்படிச்சு மடிச்சுப் பாரு. ஒரு பொருள் எந்த ஓட்டை வழியா நுழையும்ங்கிற சாவித்துவாரக் கேள்வியும், ரெண்டு பக்கத் தோற்றத்தை வச்சு மூணாவதைச் சொல்ற முப்பக்கத் தோற்றமும் தாமதமாத்தான் கைவரும். அதைத்தான் தேர்வில் முதல்ல வைப்பாங்க. அங்கேயே மாட்டிக்கிட்டா பின்னால இருக்கிற சுலபமான கேள்விக்கு நேரம் இருக்காது. எந்த வரிசையிலயும் போகலாம். கட்டி எண்ணுறது, ஓட்டை, கோணம், பெட்டியை முடிச்சிட்டுத் திரும்பி வா.

வாசிப்புப் பகுதியில் நீளமான 3 அறிவியல் கட்டுரை, கட்டுரைக்கு 20 நிமிஷம். இங்கதான் நம்மாட்கள் சறுக்குதாங்க. வரிக்கு வரி அர்த்தம் பாத்துப் படிச்சுப் பழகினவங்களுக்கு நேரம் பத்தாது. ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் அது எதைப் பத்தினதுன்னு ரெண்டு மூணு சொல்லில் குறிச்சுக்கிட்டே போனா, கேள்வி வந்ததும் எந்தப் பத்திக்குத் திரும்பணும்னு தெரியும். பொது நூலக அட்டை இருந்தா லிப்பி செயலியில் ஆங்கில அறிவியல் பத்திரிகை இலவசமா வரும். தாளில் வேண்டாம், திரையில் படி.

கணக்கில் கால்குலஸ் இல்லை, திரையில் கால்குலேட்டர் உண்டு. நமக்கு இடறுறது அலகுதான். 12 அங்குலம் ஓரடி, 5280 அடி ஒரு மைல், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, 4 குவார்ட் ஒரு காலன், இதெல்லாம் மனப்பாடமா இருக்கணும். "கொடுத்த தகவல் போதுமா போதாதா"ங்கிற வகைக் கேள்விக்கு விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முழுசா போட்டுப் பாத்தே தீருவேன்னு உக்காந்தா நேரம் போச்சு.

காசு கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பயிற்சிச் சந்தாவுக்கு. பூட்கேம்ப், பூஸ்டர்ங்கிற ரெண்டு டாட் பயிற்சித் தளத்திலும் இலவசக் கணக்கு திறந்து பாத்துட்டு, ஒண்ணை மட்டும் எடு. எப்ப எடுக்கிறங்கிறதுதான் முக்கியம். வாங்கின அன்னைக்கே நாள் ஓட ஆரம்பிச்சிரும். பாடம் முடியாம வாங்குறவங்க, மாதிரித் தேர்வைத் தொடுறதுக்குள்ள கெடு முடிஞ்சு மறுபடி வாங்குதாங்க. வாரம் 15 மணி நேரம் உன்னால முடியும்னு வச்சா, முதல் 7 வாரம் இலவசச் சரக்கில் பாடத்தை முடி, அப்புறம் 5, 6 வாரத்துக்குச் சந்தா. சனிக்கிழமை வெள்ளன நூலகத்துக்குப் போயி முழு மாதிரித் தேர்வை ஒரே மூச்சில் எழுது. செஞ்ச தப்பை அலசுறதுக்குத் தேர்வெழுதின அளவு நேரம் ஒதுக்கணும். கடைசி மூணு மாதிரித் தேர்வில் உன் இலக்கு தொடர்ந்து வந்தா எழுதப் போ, இல்லைன்னா தேதியைத் தள்ளு. தள்ளுறதுக்கும் கட்டணம் உண்டு, தேர்வு நாள் நெருங்க நெருங்க ஏறும். 2025 மார்ச்லேருந்து மார்க் 200லேருந்து 600 வரைன்னு மாத்திட்டாங்க. பழைய ஆட்கள் "20 எடு, 22 எடு"ம்பாங்க, அது 30க்கான பழைய கணக்கு, குழம்பிக்காத.

பதிவுக்கு முதல்ல டென்ட்பின்ங்கிற தனி அடையாள எண் வாங்கணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு வில்லங்கமே பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியா இருந்திருந்தா, இங்க வந்த தாளில் முதல் பெயர் "எஃப்.என்.யு."ன்னு, அதாவது முதல் பெயர் தெரியலைன்னு ஏறியிருக்கும். சான்றிதழில் "மு. இசக்கியம்மாள்", கிரீன் கார்டில் எஃப்.என்.யு. இசக்கியம்மாள், வங்கி அட்டையில் அப்பா பேரும் சேந்து முத்தையா இசக்கியம்மாள்னு மூணு விதமா இருந்தா தேர்வு நடக்கிற பிராமெட்ரிக் மையத்து வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க, கட்டின காசும் போச்சு. ரெண்டு அடையாள அட்டை கேப்பாங்க: படமும் கையெழுத்தும் உள்ள அரசு அட்டை ஒண்ணு, கையெழுத்துள்ள இன்னொண்ணு. ரெண்டிலும் பதிவிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். டெபிட் கார்டைக் காட்டப் போறேன்னா அதோட முதுகில் இப்பவே கையெழுத்துப் போட்டிரு.

பதிவு செய்யும்போதே மார்க் அனுப்ப வேண்டிய கல்லூரி எல்லாத்தையும் குறிச்சிரு. அப்ப அது கட்டணத்துக்குள்ள அடக்கம், பின்னால சேத்தா ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு. கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்ற திட்டமும் இருக்கு, முதல் தடவை எழுதுறவங்களுக்கு, கிரீன் கார்டுக்காரங்களும் கேக்கலாம். கல்லூரியில் நிதியுதவி வாங்குறதுக்கு அத்தாட்சி வேணும். இடம் கொஞ்சம்தான், முந்தினவங்களுக்குத்தான், அதனால வருஷத் தொடக்கத்திலேயே, கட்டணம் கட்டுறதுக்கு முன்னால கேளு. தேர்வு அன்னைக்குக் காதுல கழுத்துல கையில கிடக்கிறதை வீட்டிலேயே கழட்டி வச்சிட்டுப் போ. இடைவேளையில் போனைத் தொடக்கூடாது. எழுதிப் பாக்கத் தாள் தரமாட்டாங்க, பலகையும் மார்க்கரும்தான், அதனால ஒரு லேமினேட் அட்டை வாங்கி வீட்டிலயும் அதில் எழுதிப் பழகு.

தம்பி பெட்டியில் பெருசா புத்தகம் வேண்டாம். பன்னெண்டாம் வகுப்புப் புத்தகம் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இலவசமா கிடைக்கு. பி.எஸ்ஸி.யில் நீ எழுதின கரிம வேதியியல், மரபியல், கருவியல் நோட்டு இருந்தா அதை வைக்கச் சொல்லு. அதைவிட அவசரமான சோலி ஒண்ணு இருக்கு. இங்க உன் பட்டத்தை மதிப்பிடுற நிறுவனத்துக்கு மார்க் விவரம் முத்திரையிட்ட உறையில் போகணும். கல்லூரித் தேர்வாணையர் அலுவலகமா, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமான்னு கேட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீ அனுப்பு. ஆள் நேர்ல போயி நின்னாத்தான் நகரும். தம்பி கிளம்பிட்டான்னா போயி நிக்க ஆள் இல்லை, இந்த வாரமே அனுப்பி வை.